கடைசிச் சொட்டு

எந்த ஊர் என்று கேட்காதீர்கள், ஒரு சார்ஜரில் ரெண்டு பேட்டரிகள் பக்கம் பக்கமாகப் படுத்திருந்தன. அந்தச் சார்ஜர் மூன்று தரம் மின்சாரத்தை நிரப்பும், மூன்று தரம் வடிக்கும், வடிந்ததை அளந்து சொல்லும். மூன்றில் ஒரு தரமாவது அளவு ஆயிரத்து ஐந்நூறைத் தொடாத பேட்டரி குப்பைக்கூடைக்குப் போகும்.

பச்சை பேட்டரிக்கு முதல் ரெண்டு தரமும் ஆயிரத்தைத் தாண்டவில்லை.

"அடேய், எதையாவது பதுக்குறியா?" என்றது நீல பேட்டரி.

"கொஞ்சம்தாண்ணே. மொத்தமும் போயிட்டா செத்துட மாட்டேனா?"

"வெளியே வந்ததைத்தானேடா அது அளக்கும்! விட்டுத் தொலை!"

மூன்றாம் தரம் பச்சை கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசிச் சொட்டையும் விட்டது. ஆயிரத்து எழுநூறு வந்தது.

"பொழச்சிட்டே, போ!"

"ஆயிரத்து எழுநூறுதானா?" பச்சை புரண்டு புரண்டு படுத்தது. "இன்னொரு தரம் அளக்கச் சொல்லுண்ணே."