செத்தவன் குடித்த சூப்

சற்றுமுன் சூடுபட்டுச் செத்த கதாநாயகன் இப்போது மேசையில் இருந்து சூப் குடித்துக்கொண்டிருந்தான்.

வெக்ஸ்போர்ட் தேவாலயத்துப் பேஸ்மென்றில் ஒருவரும் அசையவில்லை.

கடைசி ரீலும் அதற்கு முந்தின ரீலும் இடம் மாறியிருந்தன. படத்தை ஓட்டுகிற ஜெயரட்ணத்துக்கு மட்டும்தான் அது தெரியும்.

பழைய பிரெஞ்சுப் படம். கீழே இங்கிலிஷ் எழுத்துக்கூட இல்லை. எடுத்தவர்கள் ஹிட்லருக்குத் தப்பிப் பாரிசுக்கு ஓடியவர்கள், எங்களைப்போல அகதிகள் என்று திரைப்படச் சங்கத் தலைவர் இக்னேசியஸ் மாஸ்டர் தொடக்கத்தில் அரை மணித்தியாலம் பேசியிருந்தார். அதைத் தாங்கிய சனம் எதையும் தாங்கும்.

ஐம்பது வயதுவரை கலியாணம் கட்டாத ஜெயரட்ணம் திரையைப் பார்க்கவில்லை. மூன்றாம் வரிசையில் ஒரு கறுப்புக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கோட்டுக்குள் குணவதி. எண்பத்தேழாம் ஆண்டு ஊர்ச் சண்டையில் புருஷனைப் பறிகொடுத்தவள். சங்கத்துக்கு ரோல்ஸ் பொரித்துக்கொண்டு வருகிறவள். சங்கம் போட்ட படம் எல்லாவற்றிலும் ஆம்பிளை செத்தான். ஒவ்வொரு முறையும் அவள் எழும்பிப் போனாள்.

"அண்ணை, இனியும் ஒருத்தனைச் சாக்காட்டினியளெண்டால் நான் இந்தப் பக்கம் வரமாட்டன்" என்று போன மாதம் கதவடியில் ஜெயரட்ணத்திடம் சொல்லிவிட்டாள்.

இன்றும் துவக்குச் சத்தம் கேட்டதும் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு எழும்பினாள்.

அப்போதுதான் சூப் வந்தது. இருந்துவிட்டாள்.

செத்தவனின் மனைவி பாணைப் பிய்த்துக் கொடுத்தாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்போடு ரீல் முடிந்தது, லைட் போட்டார்கள்.

அகதிக்குச் சாவில்லை என்பதைத்தான் கலைஞன் சொல்கிறான் என்றார் மாஸ்டர், கண்ணாடியைத் துடைத்தபடி.

எல்லாரும் கைதட்டினார்கள். இறைச்சிப் பக்டரி மெஷினுக்கு அரை விரலைக் கொடுத்திருந்த ஜெயரட்ணமும் மிச்சம் ஒன்பதரையால் தட்டினார்.

குணவதி புரொஜெக்டரடிக்கு வந்தாள். தட்டில் ஒரே ஒரு ரோல்ஸ். குரலைத் தணித்தாள்.

"தாடியோடை செத்தவன் ஷேவ் எடுத்துக்கொண்டெல்லே சூப் குடிக்க வந்தவன். அவன் விழுந்தாப்பிறகு படம் முடிஞ்சுதெண்டு எழுத்து வர, நீங்கள் லென்ஸைப் பொத்தினனீங்கள். அந்த அரை விரல் சந்துக்காலை எல்லாம் தெரிஞ்சது. அடுத்த படத்துக்குக் கிளவுஸ் போட்டுக்கொண்டு வாங்கோ."

தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஜெயரட்ணம் ரோல்ஸைக் கடித்தார்.

படிக்கட்டில் அவளுடைய பூட்ஸ் சத்தம் ஓய்ந்த பிறகுதான் பிடிபட்டது: இந்த முறை அவள் அண்ணை என்று சொல்லவே இல்லை.