துணைக்கு வந்தவர்

கண்பார்வை போன பிறகு வந்த முதல் தேர்தலில், தனக்காகப் பட்டனை அழுத்த நாச்சிமுத்து மகனைக் கூப்பிடவில்லை, சென்னியப்பனைக் கூப்பிட்டார். நாச்சிமுத்து மில் வாசலில் செங்கொடி ஏற்றிய நாளிலிருந்து, எதிரே தன் பெட்டிக்கடையில் உட்கார்ந்து அதைத் திட்டிவரும் வலதுசாரி சென்னியப்பன்.

"ஏப்பா, உன்ற பையன் இல்லையா?"

"அவன் நாஞ் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டுவான். உள்ள போயி எதை அமுக்குவான்னு தெரியாது. நீ முடியாதுன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்போடுவ."

சென்னியப்பன் முடியாதென்று சொல்லவில்லை. சாவடியில் இடது விரலில் மை வாங்கிக்கொண்டு தன் கட்சிக்குப் போட்டார். துணைக்குப் போவதற்காக வலது விரலிலும் மை வைத்தார்கள். நண்பரின் கையைப் பிடித்தபடி மறைப்புக்குள் போய், ஆயுசுக்கும் தொடாத சின்னத்தின் பட்டனை அழுத்தினார். பீப் சத்தம் கேட்டது.

"உன்றதுதான் நாச்சி. கண்ணாடிக்குள்ள விழுந்த சீட்டுலயும் உன்ற சின்னந்தான் தெரியுது."

"நாங் கேட்டனா?" என்றார் நாச்சிமுத்து.

வெளியே சென்னியப்பனின் கட்சிக்காரர்கள் படமெடுப்பதற்காக மை விரலைக் காட்டச் சொன்னார்கள். இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் வலது விரலை நீட்டினார்.