நாலடி மண்

இப்போதெல்லாம் வீட்டுமனைக்காக யாரும் மண்ணைச் சோதிப்பதில்லை. அந்த நிலத்தில் வேலை செய்தவரின் ரத்தமே போதும். பெரம்பலூர் பக்கம் ஒரு பருத்திக்காடு விலைபோனபோது, அதில் இருபது வருடம் பூச்சிமருந்தடித்த இளஞ்சியத்திடம் வந்து ஒரு குப்பி ரத்தம் எடுத்தார்கள்.

“உங்க ரத்தத்துல என்ன இருக்கோ, அதுதாம்மா நிலத்துலயும் இருக்கும். நீங்கதான் எங்களுக்கு நிலம்,” என்றான் எடுத்தவன்.

ரத்தம் முழுக்க விஷம். உடனே நிலத்தை வாங்கிய கம்பெனி நாலடி ஆழத்துக்கு மண்ணை வாரி எறிந்தது. புதுமண் கொட்டிப் புல் வளர்த்து, அறுபது வீடு கட்டியது. வாசலில் ‘நஞ்சில்லா மண்’ என்று பச்சைப் பலகை ஒளிர்ந்தது. மண்ணுக்கு இவ்வளவு செய்தவர்கள், மருந்தடித்தவளுக்கு ஒரு வேளை மருந்துகூடத் தரவில்லை.

அங்கே பெருக்கும் வேலை கேட்டுப் போனாள் இளஞ்சியம். கேட்டிலிருந்த சோதனைக் கண்ணாடியில் அவள் உள்ளங்கையை வைத்ததும் கேட் சிவப்பாக மின்னியது.

“உள்ள விட முடியாதுக்கா,” என்றார் காவலாளி. “உங்க உடம்புல விஷம் இருக்காம். குழந்தைங்க விளையாடுற இடம்.”

“எம்புள்ளைக்கு இந்தக் காட்டுலதான் தூளி கட்டிப் போட்டேன் தம்பி. அப்ப எந்த கேட்டு மின்னுச்சு? ரத்தம் எடுக்கையில நான் நிலம், வேலை கேட்டா விஷமா?”



இளஞ்சியம் கேட் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்து, அந்தப் புல்வெளியில் காறித் துப்பினாள்.

பச்சைப் பலகை சிவந்தது. அறுபது வீட்டிலும் சைரன் அலறியது.

“வாங்கடா,” என்று கத்தினாள். “வந்து மறுபடி நாலடி வாருங்க!”