தெற்கோரக் குழாய்

“வடக்கோரமாத்தானே பிளான் போட்டீங்க? குழாய் எப்படித் திடீர்னு தெற்கே தாவிச்சு?”

நகராட்சிக் கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து கணீரென்று குரல் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர்.

மேடையில் இருந்த என்ஜினீயர் கிரீஷ் அங்கடி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனசிலும் அதே கேள்விதான்.

ஹுப்ளியிலிருந்து மாற்றலாகி வந்ததிலிருந்து பாடுபட்டுப் போட்ட பிளான். தேரோடும் ரதபீதியின் வடக்கோரமாகப் புதுக் குழாய் பதிப்பதாக இருந்தது. போன வாரம் நகராட்சித் தலைவி சுமங்கலா பண்டாரி அதை ஒரே பேச்சில் மாற்றிவிட்டாள். “தெற்கே போடுங்க. ரெண்டு பக்கமும் செலவு ஒண்ணுதானே?”

தெற்கே அவள் வீடு இருந்தது.

“யாரு இவர்?” என்று கிளார்க்கிடம் கிசுகிசுத்தான் கிரீஷ்.

“ஹெப்பார் மேஷ்ட்ரு. ஹைஸ்கூல்ல கணக்கு வாத்தியார். மேடமும் அவர்கிட்டப் படிச்சவங்கதான். லேசுல விடமாட்டார்.”

“பதில் சொல்லு சுமங்கலா! உன் வீட்டு வாசல்ல கங்கை ஓடணும்னு ஊர்க் குழாயையே வளைச்சிட்டியா? ஊருக்குக் கழித்தல், உனக்குக் கூட்டலா? அப்படியா நான் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன்?”

கூடம் சிரித்தது. சுமங்கலா சிரிக்கவில்லை.

கிரீஷுக்கு வியர்த்தது. போன மழையில் துருப்பிடித்த பழைய குழாயில் சாக்கடை கலந்து, பாதி ஊர் மஞ்சள் காமாலையில் படுத்தது. இன்றைக்கு ஆட்சேபணை இல்லாமல் தீர்மானம் நிறைவேறினால்தான் அரசாங்கக் கடன் கிடைக்கும். இல்லையென்றால் ஃபைல் பெங்களூரிலேயே தூங்கிவிடும்.

“மேடம், ஏதாவது ஒரு காரணம் சொல்லிடுங்களேன்” என்று கெஞ்சினான்.

சுமங்கலா எழுந்தாள். “மேஷ்ட்ரே, என்ன செஞ்சா ஆட்சேபணையை வாபஸ் வாங்குவீங்க?”

“ஊர்ல கடைசி வீடு வரைக்கும் தண்ணி போன பிறகுதான் உன் வீட்டுக்கு இணைப்பு. சம்மதமா?”

“சம்மதம்.”

“அப்ப சரி. போடு குழாயை!”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ‘நல்லா மாட்டிக்கிட்டாங்க’ என்று கிரீஷும் மனசுக்குள் கைதட்டினான்.

கடன் வந்தது. ரதபீதியில் வேலை ஆரம்பமானது. சுமங்கலா வீட்டு எதிரில் தோண்ட வந்த மெஷின் முதலில் அவள் வீட்டுப் படிக்கட்டை உடைத்தது. அடுத்து மல்லிகைப் பந்தல். “நல்லா சேவை பண்ணினே போ!” என்று உள்ளேயிருந்து அவள் புருஷன் கத்தினார்.

கிரீஷுக்குப் புரியவில்லை. தண்ணியும் கடைசியில்தான். படிக்கட்டும் போயிற்று. அப்புறம் எதற்காகத் தெற்கே?

“கிரீஷ், மெஷினைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. இந்தச் சத்தத்துல அவருக்குக் கழிச் சத்தம் கேட்காது” என்றாள் வாசலுக்கு வந்த சுமங்கலா.

“யாருக்கு மேடம்?”

அவள் எதிர்ப்பக்கம் கை காட்டினாள். ஹெப்பார் மேஷ்ட்ரு வந்துகொண்டிருந்தார். வடக்கோரச் சாக்கடை மூடியிருந்த கல் வரிசையை வெள்ளைக் கழியால் தட்டித் தட்டி, கல் முடிந்த இடத்தில் நின்று, விளக்குக் கம்பத்தைத் தடவிப் பார்த்து, பிறகு அடுத்த கல் வரிசையைப் பிடித்து நடந்தார்.

“மேடம்... மேஷ்ட்ருக்குக் கண்ணு...?”

“சர்க்கரையில போயிடுச்சு. வருஷக்கணக்கா வாசப்படியே தாண்டாம கிடந்தார். அந்தக் கல்லோரத்தைப் பிடிச்சு இப்பத்தான் தனியா நடக்கப் பழகியிருக்கார். அதைப் போய்த் தோண்டினா திரும்பவும் உள்ளே உட்கார்ந்துடுவார்.”

“இதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே?”

“அத்தனை பேர் நடுவுலயா? ‘உங்களுக்குக் கண்ணு தெரியாது, அதனால ஊர்க் குழாயைத் தள்ளிப் போட்டோம்’னா? மறுநாள்லேர்ந்து மனுஷன் வெளியே தலை காட்டுவாரா?”

மேஷ்ட்ரு அவர்களைத் தாண்டிப் போனார்.

“இப்ப எங்கே போறார்?”

“நகராட்சிக்குத்தான். எனக்குத் திருட்டு இணைப்பு கொடுத்துட்டாங்களான்னு தினம் போய் விசாரிக்கிறார்.”

“நான் போய் உண்மையைச் சொல்லிடறேன் மேடம். ஊரெல்லாம் உங்களைத் திட்டிக்கிட்டுத் திரியறார்!”

“சொல்லிடாதீங்க கிரீஷ்” என்றாள் சுமங்கலா, போகிறவரையே பார்த்தபடி. “திட்டினா என்ன? திரியறாரே, அது போதும்.”