அவருக்கேற்ற சுருட்டு

“இதுவும் சரிவராது, தம்பி.”

ஆறாவது சுருட்டையும் தேங்காய்ச் சிரட்டைக்குள் வைத்து அணைத்தாள் பத்மாசினி. மருதனார்மடம் சந்தைக்குப் பின்னால் இருபது வருடமாகச் சுருட்டுக் கொட்டில் வைத்திருக்கும் ஜெயரூபனுக்கு வேர்த்துக் கொட்டியது. அவனுடைய சுருட்டை இதுவரை ஒருவரும் ஒரே மூச்சில் இப்படி ஆறு தரம் தட்டிக் கழித்ததில்லை.

“அக்கா, இதிலை என்ன பிழை எண்டு சொல்லுங்கோவன்.”

“பிழை ஒண்டுமில்லை. உது அவருக்குச் சரிவராது. அவ்வளவுதான்.”

அவர் என்றால் அவளுடைய புருஷன் குகதாசன். பருத்தித்துறையை விட்டு அசையாத அந்த மனிசனை ஜெயரூபன் நேரே கண்டதில்லை. ஆனால் அவருடைய கோபத்தை நன்றாகத் தெரியும்.

சுருட்டு ஒருபக்கமாக எரிந்தாலோ, இழுவை இறுகினாலோ, பாதி எரிந்த சுருட்டைக் கையில் கொடுத்து அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அவள் உச்சி வெயிலில் இரண்டு பஸ் மாறி வந்து, “வேறை ஒண்டு தரட்டாம்” என்று தலை குனிந்து நிற்பாள். ஒருநாள் அவள் மணிக்கட்டில் வட்டமாக ஒரு சூட்டுக் காயம் இருந்தது. சரியாக ஒரு சுருட்டின் பருமன்.

இன்றைக்கு ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு, நெற்றி நிறையத் திருநீறோடு வந்திருந்தாள்.

“ஒரு வருசமாய் உங்களைக் காணேல்லை. அண்ணை சுருட்டை விட்டிட்டாராக்கும் எண்டு நினைச்சன்” என்றான் அடுத்த சுருட்டை எடுத்தபடி.

“அவரோ? அவராய் ஒண்டையும் விட்டவரில்லை, தம்பி. நாளைக்கு வீட்டிலை ஆக்கள் கூடுகினம். அவருக்கு முன்னாலை ஒரு சுருட்டு வைக்கவேணும். ஒண்டே ஒண்டு. அது மட்டும் சரியாய் அமைஞ்சிட்டால் காணும் எனக்கு.”

கையிலெடுத்த சுருட்டை ஜெயரூபன் திரும்ப வைத்துவிட்டான். ஆட்களுக்கு முன்னால் சுருட்டுப் பிழைத்தால் இந்த மனுசியின் கதி என்ன? கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, தன் கையாலேயே சுற்றி ஆறு மாதம் பதப்படுத்தி வைத்திருந்ததை எடுத்து நீட்டினான்.

அவள் அதை நுனியிலிருந்து அடிவரை விரலால் நெரித்துப் பார்த்தாள். ஒரு கட்டியில்லை, ஒரு பள்ளமில்லை. காதருகே உருட்டினாள். கொளுத்தாமலே ஒருமுறை இழுத்தாள். பிறகு நெருப்புக்குச்சியைக் கிழித்தாள்.

வட்டம் வட்டமாக, கோடு கீறினாற்போல் எரிந்தது. வெள்ளைச் சாம்பல் ஒரு அங்குலத்துக்கு உடையாமல் நின்றது. பனங்கட்டி போட்டுக் காய்ச்சி இலைக்குத் தெளித்த பாகின் வாசம் கொட்டில் முழுக்கப் பரவியது.

“தேன் மாதிரி இருக்கு” என்றாள் கண்ணை மூடிக்கொண்டு.

“எனக்குத் தெரியும்! கட்டித் தரட்டே?”

“வேண்டாம்.”

“என்னக்கா நீங்கள்! உதிலும் திறம் சுருட்டு நான் ஆரிட்டை வாங்கிறது?”

“கோவியாதேங்கோ, தம்பி. உங்கடை கையிலை குறையில்லை. முப்பத்தெட்டு வருசம் அவருக்குக் கொளுத்திக் குடுத்த வாய் இது. எனக்குத் தெரியாதே?” அவள் குரல் மெல்ல இறங்கியது. “மகளின்ரை கலியாணத்தண்டு, சம்பந்தி பகுதி முழுக்கப் பாத்துக்கொண்டிருக்க, இழுவை காணாதெண்டு கொள்ளியோடை என்ரை முகத்திலை எறிஞ்சவர். பட்டுச்சீலை ஓட்டை. சிரிச்சுக்கொண்டு பந்தி பரிமாறினன். அண்டைக்கு ஒண்டு நினைச்சனான்.”

அவள் விரல்கள் அந்த அருமையான சுருட்டைச் சிரட்டைக்குள் தூள் தூளாக நசுக்கிக்கொண்டிருந்தன.

அப்போதுதான் மூலையிலிருந்த பனையோலைக் கடகம் அவள் கண்ணில் பட்டது.

“உதுக்குள்ளை என்ன?”

“உது கழிவக்கா. மழையிலை நனைஞ்ச இலை. பிரிச்சுக் கொட்ட வைச்சிருக்கு.”

அவன் தடுக்குமுன் ஒன்றை எடுத்துவிட்டாள். நடுவில் கல்லுப்போலக் கட்டி. மேலிலை உரிந்து தொங்கியது. கொளுத்தி இழுத்தாள், கன்னம் இரண்டும் உள்ளே போனதே தவிரப் புகை வரவில்லை. வந்தபோது ஒருபக்கம் மட்டும் விறுவிறென்று எரிந்து, மறுபக்கம் பச்சையாக நின்றது. பிறகு அணைந்து நூர்ந்துவிட்டது. இன்னொருமுறை கொளுத்தினாள். இருமல் வந்து, கண் சிவந்து, ஓடிப்போய் வெளியே துப்பிவிட்டு வந்தாள்.

வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இத்தனை வருடத்தில் அவள் சிரித்து ஜெயரூபன் கண்டது அதுதான் முதல் தடவை.

“இந்தக் கடகத்திலை இருந்து ஒண்டு கட்டித் தாங்கோ.”

“உங்களுக்கென்ன விசரே அக்கா? இரண்டு இழுவைக்கு ஒருக்கா நூரும். நாக்குப் பொக்களிச்சுப்போம். நாளைக்கு அவ்வளவு சனத்துக்கு முன்னாலை திரும்பவும் உங்கடை முகத்திலையெல்லோ எறிவார்!”

“ஏலுமெண்டால் எறியட்டும்.”

கடதாசியில் சுற்றியதைக் கைப்பைக்குள் பத்திரமாக வைத்து மூடினாள். வாசலில் நின்று குடையை விரித்தவள், அவன் முகத்தைப் பார்த்து இரங்கினாற்போல் சொன்னாள்.

“நாளைக்கு அவரின்ரை ஆட்டைத்திவசம், தம்பி.”