பெனகைட் கவரிங்

“பெனகைட்னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுதான் அந்தப் பேரை எனக்குக் குடுத்தியா, எப்சிபா?”

வண்டியை நிறுத்திய வேகத்திலேயே வீட்டுக்குள் வந்து நின்ற வினோத்ராஜுக்கு மூச்சு வாங்கியது. காலையில்தான் தேனி பஜாரில் அவருடைய கவரிங் நகைக் கடையின் திறப்பு விழா. தோளில் விழுந்த மாலைகளின் ஈரம் சட்டையில் இன்னும் காயவில்லை. ஜெபம் முடிந்ததும் பஸ் பிடித்து ஜெயமங்கலம் திரும்பிவிட்ட அக்கா கிருபாவதியும் அவள் மகள் எப்சிபாவும் அவரை இந்த நேரத்தில் எதிர்பார்க்கவில்லை.

“என்ன மாமா ஆச்சு? மொதல்ல உக்காருங்க.”

“யாருக்கும் இல்லாத பேரா ஒண்ணு சொல்லும்மான்னு கேட்டேன். மதுரையில கல்லு, பாறைன்னு ஆராய்ச்சி பண்றவ நீ. ரொம்ப அபூர்வமான கல்லு, வைரம் மாதிரி மின்னும்னு சொன்ன. அதை நம்பிக் கடை அகலத்துக்குப் போர்டு எழுதி மாட்டிட்டேன்.”

“போர்டு நல்லாத்தானே இருந்துச்சு, தம்பி?” என்றபடி கிருபாவதி காப்பி போட அடுப்படிக்குப் போனாள்.

“நீங்க கெளம்புன பெறகு காலேஜு புரபசர் ஒருத்தர் வந்தாக. போர்டைப் பாத்துட்டுச் சிரிச்சாக. மொதல்ல அந்தக் கல்லைப் பாத்தவக, சாதாரணப் படிகக்கல்லுன்னு நெனச்சு ஏமாந்துட்டாகளாம். அதனால கிரேக்கப் பாஷையில ஏமாத்துக்காரன்னு பேரு வச்சாகளாம். ‘கவரிங் கடைக்குப் பொருத்தமான பேருதான்’னாக. கடையே சிரிச்சுச்சு. என் மருமகன் கார்த்திக்ராஜும் சேந்து சிரிக்கிறாரு.”

கடைசியில் அவர் குரல் இறங்கிவிட்டது. மற்றவர்கள் சிரித்ததை அவர் தாங்கிக்கொண்டார். மருமகன் சிரித்தபோதுதான் உடம்பு கூசிப்போய், கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். வழியெல்லாம் ‘ஏமாத்துக்காரன்’ என்ற அந்த ஒரே வார்த்தைதான் காதில் விழுந்துகொண்டிருந்தது.

எப்சிபா பதில் பேசவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள்.

கொஞ்ச காலமாகவே வினோத்ராஜ் அவள் முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதில்லை. இன்றைக்கு அவள் பேசாமல் நின்றதை அவரால் பொறுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

“சரிம்மா, நான் செஞ்சது தப்புதான். உன்னையப் பொண்ணு கேட்டு வந்தவககிட்ட, உனக்கு விருப்பமில்லைன்னு சொன்னது நான்தான். கையோட அந்த மாப்பிள்ளைய என் மக ஜெபாவுக்கு முடிச்சுக்கிட்டதும் நான்தான். விசயம் தெரிஞ்சிருந்தா என்னைய இங்கன கூப்பிட்டு மூஞ்சியில காறித் துப்பியிருக்கலாம். அதுக்காகப் பஜாரே பாக்கிற மாதிரி போர்டுலயா எழுத வைக்கணும்?”

அடுப்படியில் பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை.

“நான் கல்லோட குணத்தைத்தான் படிச்சேன் மாமா,” என்றாள் எப்சிபா. “பேரோட அர்த்தம் பாக்காம விட்டுட்டேனே, உங்களை அசிங்கப்படுத்திட்டேனேன்னுதான் பேச வாய் வராம நின்னேன்.”

வினோத்ராஜ் கைகளை விலக்கி நிமிர்ந்தபோது, அடுப்படி நிலையைப் பிடித்தபடி கிருபாவதி நின்றிருந்தாள்.

“அப்ப, எம்மவ கறுப்பா இருக்கா, வேண்டாம்னு சொன்னது அவக இல்லையா, தம்பி?”