நாற்பத்திரண்டு டப்பா

ஒற்றைக் கையால் திறக்க முடிகிறதா என்று பார்த்தான்.

கண்ணாடி டப்பாவின் மூடி வழுக்கியது. எவர்சில்வர் அடம்பிடித்தது. மூன்றாவதாக எடுத்த பிளாஸ்டிக் டப்பா, கட்டைவிரல் பட்டதுமே வாய் திறந்தது.

இன்னொரு கையில் குழந்தை இருக்கும். அதுதான் அவன் கவலை.

பால்பாண்டி அண்ணாச்சி கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். விருதுநகரில் பாத்திரக்கடை வைத்து முப்பது வருஷம். வத்தல் மண்டிக்காரன் ஒருவன் குட்டி குட்டி டப்பாக்களை முகத்துக்கு நேரே பிடித்து மூடுவதும் திறப்பதுமாக நிற்பதை இப்போதுதான் பார்க்கிறார்.

"ஃப்ரீசர்ல வைக்கணும் அண்ணாச்சி. பாப்பாவுக்கு மசியல்."

"அப்பக் கண்ணாடிய விடு, விரிஞ்சிரும். எதுல ஊத்துனாலும் மேல ஒரு விரக்கடை விடச் சொல்லு. உறைஞ்சா எதுவும் வீங்கும்."

எத்தனை வேண்டும் என்று கேட்டார்.

அங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை. பதினாலு நாளைக்கு நாற்பத்திரண்டு டப்பா. இருபத்தோரு நாளைக்கு அறுபத்து மூன்று.

வீட்டில் சொல்லியிருப்பது பதினாலு.

டாக்டரம்மா சொன்னது இருபத்தொன்று.

மனைவிக்குக் கழுத்திலிருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது. ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கருக்க ஒரு மருந்து குடிக்க வேண்டும். குடித்தவள் உடம்பிலிருந்து கொஞ்ச நாள் கதிர் வீசும். பெரியவர்கள் தள்ளி நின்றால் போதும். ஒன்பது மாதக் குழந்தை பக்கத்திலேயே வரக்கூடாது. மாடி அறையில் அவள். கீழே அவனும் மகளும்.

"இருபத்தோரு நாள்" என்றார் டாக்டரம்மா.

அவன் வாய் சும்மா இருக்குமா? கருவாடு வாங்கினாலும் கல்யாண மண்டபம் பிடித்தாலும் சொன்ன விலைக்குத் தலையாட்டிய வம்சம் இல்லை.

"பதினாலு ஆக்குங்களேன்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. பேனாவை மூடி மேசையில் வைத்தார்.

மனைவி அப்போது வராந்தாவில், அழுத குழந்தையைத் தோளில் போட்டு நடந்துகொண்டிருந்தாள். அவன் வெளியே வந்ததும் எத்தனை நாள் என்று கேட்டாள். மருந்தே வேண்டாம் என்று ஒரு மாதமாக மல்லுக்கட்டுகிறவள். அவள் முகத்தைப் பார்த்தான். உள்ளே படியாத பேரம் வெளியே படிந்துவிட்டது.

"பதினாலு."

"பத்து ஆகாதாமா?" அவளும் வியாபாரி மகள்தான்.

"ஆகாது" என்றான், அசலுக்குக் கீழே இறங்க மாட்டேன் என்பவனைப் போல.

வீடு வரும்வரை அழுதாள். பிறகு சரி என்றாள்.

மூன்றாம் தேதி மருந்து. பதினைந்தாம் நாள் அவள் மாடியிலிருந்து இறங்கி வருவாள். கையை நீட்டுவாள். அப்போது என்ன சொல்வது என்று அவன் யோசிக்கவில்லை.

யோசிக்காமல் என்ன. யோசித்து ஒன்றும் அகப்படவில்லை.

அறுபத்து மூன்று வாங்கிப் போனால் எண்ணிவிடுவாள். எதையும் எண்ணித்தான் உள்ளே வைப்பாள்.

"நாற்பத்திரண்டு போடுங்க அண்ணாச்சி."

"அதென்ன மூணரை டஜன்? நாலாப் போடுதேன். விலையில பாத்துக்கிடுவோம்."

"வேண்டாம். நாற்பத்திரண்டு போதும்."

கேட்ட பணத்தை அப்படியே எடுத்து நீட்டினான். அண்ணாச்சி வாங்காமல் அவன் முகத்தையே பார்த்தார்.

"பேரம் பேசாமப் போறியே தம்பி. வீட்டுல எல்லாரும் சொகந்தானே?"

வீட்டில் அடுப்படி முழுக்கப் பூசணி வாசம். மகள் தரையில் உட்கார்ந்து ஒரு கரண்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மனைவி டப்பாக்களைக் கழுவினாள். துணியால் ஈரம் ஒற்றினாள். பூசணி. கேரட்டும் பாசிப்பருப்பும். வேகவைத்த ஆப்பிள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு விரற்கடை விட்டு ஊற்றினாள்.

அவன் அதைச் சொல்லவே இல்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது.

தேதி எழுதிய ஒட்டுக் காகிதங்களை மூடிகளில் ஒட்டினாள். மூன்றாம் தேதிக்கு மூன்று. நான்காம் தேதிக்கு மூன்று. அவன் வாங்கி வாங்கி ஃப்ரீசரில் அடுக்கினான். கரண்டி தரையில் தட்டுகிற சத்தம் மட்டும்.

பதினாறாம் தேதியோடு டப்பா தீர்ந்தது.

சட்டிகளில் மசியல் இன்னும் கிடந்தது.

"கூடுதலா ஆக்கிட்ட போல."

அவள் அடுப்பைத் தணித்தாள்.

மேடை விளிம்பில் ஒட்டாத காகிதங்கள் வரிசையாக இருந்தன. அவன் டப்பா வாங்கப் போகும் முன்பே எழுதி வைத்தவை. பதினேழு என்று மூன்று. பதினெட்டு என்று மூன்று. அவன் கண் ஓரம்வரை ஓடியது.

கடைசிக் காகிதத்தில் இருபத்து மூன்று.

விரல் விட்டு எண்ணினான். மூன்றாம் தேதியிலிருந்து சரியாக இருபத்தோரு நாள்.

"இன்னும் ஒரு வாரத்துக்கு டப்பா வேணும்" என்றாள், சட்டியைக் கிளறிக்கொண்டே. "கடை எட்டு மணி வரைக்கும் இருக்கும்ல?"

அவன் குனிந்து மகளைத் தூக்கினான். பூசணி அப்பியிருந்த பிஞ்சுக் கையைச் சட்டையிலிருந்து மெல்ல விலக்கி, குழந்தையை இடுப்பில் உட்காரவைத்தான்.

அவன் வண்டி வாசலிலேயே நின்றது.

கடைக்கு நடந்தே போனான்.